அரக்கோணத்தில் நின்ற கடல்

வியாழக்கிழமைதோறும் எங்கள் ஊருக்குக் கடல் வரும்.
காட்பாடி ஜங்ஷன், ஏலகிரி எக்ஸ்பிரஸ்,
பழுப்பு டேப் சுற்றிய தெர்மாகோல் பெட்டி.
உள்ளே ஐஸ். ஐஸுக்குள் இருபது குப்பி.
பழவேற்காட்டில் எத்திராஜ் படகிலிருந்து குனிந்து மொண்டது.
பார்சல் ஆபீசில் கையெழுத்துப் போட்டு வாங்கிக்கொள்வேன்.
ஒரு கடலுக்கு ஒரு கையெழுத்து.

மொண்ட கையோடு கொல்ல வேண்டும், அதுதான் விதி.
குப்பிக்கு இரண்டு சொட்டுப் பாதரச உப்பு.
கண்ணுக்குத் தெரியாததெல்லாம் அந்த நொடியில் நின்றுவிடும்.
இல்லாவிட்டால் வழியெல்லாம் வேலை பார்க்கும்,
தின்னும், விடும்,
விட்டதை இன்னொன்று தின்னும்,
இங்கே வந்து சேரும்போது
நாம் அளப்பது கடலை இல்லை, பயணத்தை
என்பார் டாக்டர் மெர்லின்.

மூச்சை அளப்பதற்காக
மூச்சு விடுகிறதைக் கொல்வது
முதல் வருடம் எனக்கு ஒருமாதிரி இருந்தது.
அப்புறம் பழகிவிட்டது.

அந்த வியாழன் வேலூரில் நூற்றெட்டு டிகிரி.
அரக்கோணத்தில் சிக்னல் கோளாறு.
நாலரை மணி நேரம் கடல் நின்றது,
பார்சல் பெட்டியின் இருட்டில்,
யாருடைய பைக்குக்கும் யாருடைய மல்லிகை மூட்டைக்கும் நடுவில்.
நான் வாங்கும்போது அடியில் சொட்டிக்கொண்டிருந்தது.
எத்திராஜுக்குப் போன் போட்டேன்.
"மருந்தா? அது போன வாரமே தீந்துபோச்சும்மா.
சொல்லணும்னு இருந்தேன்."

அப்படியானால் இருபதும் உயிரோடு.

தூக்கிப் போடு என்றார் டாக்டர் மெர்லின்.
கோபமில்லை, கணக்குதான்: கார்பன் டை ஆக்சைடு கெட்டது,
மீத்தேன் கெட்டது, ஒரு வாரம் கெட்டது.
அவர் ஸ்கூட்டி கேட்டைத் தாண்டியபின்
கருவியை அணைக்காமல் உட்கார்ந்திருந்தேன்.

ஒன்று. இரண்டு. மூன்று.
ஊசியால் ரப்பர் மூடியைக் குத்தி
மேலே தங்கிய காற்றை இழுத்துச் செலுத்தினால்
இரண்டேகால் நிமிடத்தில் திரையில் மீத்தேன் எழும்.
வழக்கமாக எறும்புப் புற்று.
அன்று ஏலகிரி மலை.
சேற்றைத் தொட்டு மொண்டிருக்கிறான்,
இறால் அழுகிய வாடை குப்பியில் இருந்தது.
அந்த அழுகலைத் தின்று வாயு விடுகிறவை
திருநின்றவூர் தாண்டி, திருவள்ளூர் தாண்டி
டிக்கெட் இல்லாமல் விட்டுக்கொண்டே வந்திருக்கின்றன.

ஒன்பதாவது குப்பியில் ஒன்றும் எழவில்லை.
ஊசி அடைப்போ என்று மாற்றினேன். மறுபடி தட்டை.
ஜன்னலைத் திறந்து தெருக்காற்றை இழுத்துச் செலுத்தினேன்,
அதில்கூட ஒரு சின்ன மேடு வந்தது.
ஒன்பதில் அதுவும் இல்லை.
மூடும்போது உள்ளே அகப்பட்ட
பழவேற்காட்டுக் காற்றில் இருந்ததையும் சேர்த்து
யாரோ வழித்துத் தின்றிருக்கிறார்கள்.
அரக்கோணத்தில். அந்த வெயிலில். யாரும் கேட்காமல்.

வீட்டுக்குப் போனபோது பதினொன்று.
தஸ்தகீர் மேல்விஷாரம் தோல் மண்டியிலிருந்து அப்போதுதான் வந்து
பேண்ட் மடிப்பை வாசலில் உதறினான்.
உப்புக்கல் கொட்டியது.
"லாத்தா, இந்த லோடு தோலெல்லாம் சிவந்துபோச்சு,
உப்புலயே ஏதோ வந்திருக்குன்றாங்க."
மரக்காணத்து உப்பு. லாரியில் வந்தது.
அதற்கும் யாரோ கையெழுத்துப் போட்டிருப்பார்கள்.
நான் ஒன்றும் சொல்லவில்லை.
ஒரு கல்லை எடுத்து விளக்கடியில் பார்த்தேன்.
வெள்ளையாகத்தான் இருந்தது.

மறுநாள் பத்தொன்பதைத் தொட்டியில் ஊற்றினேன்.
எங்கள் தொட்டித் தண்ணீர் சாக்கடைக்கு,
சாக்கடை பாலாற்றுக்கு,
பாலாறு கடலுக்கு என்று வரைபடத்தில் இருக்கிறது.
ஆற்றில் அன்று இரண்டு டிராக்டர் நின்றன.

ஒன்பதை ஊற்றவில்லை.
ஃபிரிட்ஜின் கடைசித் தட்டில்
காலி டப்பாக்களுக்குப் பின்னால் வைத்திருக்கிறேன்.
பழைய லேபிளைச் சுரண்டிவிட்டுப் புதிதாய் எழுதினேன்.

எண்: ஒன்பது.
மருந்து: இல்லை.
எடுத்த இடம் என்ற கட்டத்தில் பேனா கொஞ்சம் நின்றது.
அரக்கோணம் என்று போட்டேன்.